காய்வதற்குள் என்ன செய்வது? அக்ரிலிக் ஓவியம்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் வண்ணத்தில் புதிதாக வரையத் தொடங்கியவர்கள் எழுதியவை. ஒரே சிக்கலைப் பலர் வெவ்வேறு சொற்களில் எழுதியிருந்ததால், நெருங்கிய கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: சிறு வயதில் நீர்வண்ணம் பழகியவள் நான். மூன்று மாதங்களாக அக்ரிலிக்கில் வரைந்து வருகிறேன். அந்தி வானத்தில் மேலிருக்கும் நீலமும் கீழிருக்கும் ஆரஞ்சும் ஒன்றுக்குள் ஒன்று கரைவதுபோல் தீட்ட முயன்றால், பாதியிலேயே வண்ணம் காய்ந்து பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கீழே பூசியதும் திட்டுத் திட்டாகப் பெயர்ந்து வருகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: உங்கள் கைக்கு நீர்வண்ணம் தந்த பழக்கமே இங்கே குறுக்கே நிற்கிறது. நீர்வண்ணத்தில் நிறமியைத் தாளோடு பிடித்துவைப்பது ஒரு மரப்பிசின். அது காய்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் ஈரம் பட்டால் இளகிக் கொடுக்கும். அக்ரிலிக்கில் அந்த வேலையைச் செய்பவை நீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள். நீர் ஆவியாக ஆக, அத்துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, அழுந்தி, இடைவெளியில்லாத ஒரே படலமாக இணைந்துவிடுகின்றன. அப்படி இணைந்தவற்றைத் தண்ணீரால் மறுபடி பிரிக்க முடியாது. மெல்லிய பூச்சு ஒன்று ஏறத்தாழ 10 முதல் 20 நிமிடங்களுக்குள் இந்த நிலையை அடைந்துவிடும். மின்விசிறி ஓடும் அறையில் அதற்கும் முன்னதாகவே அடைந்துவிடும்.

ஆகவே அக்ரிலிக்கில் மூன்று பதங்கள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஈரப்பதம், பசைப்பதம், உலர்ந்த பதம். முதல் பதத்தில் எதுவும் செய்யலாம். மூன்றாவது பதத்தில், அடியில் உள்ளது அசையாது என்ற துணிவோடு அதன் மேல் எதையும் தீட்டலாம். இடையில் வரும் பசைப்பதம்தான் ஆபத்தானது. படலம் பாதி உருவாகியிருக்கும் அந்த நேரத்தில் தூரிகை பட்டால், அது வண்ணத்தைக் கலக்காமல் தோலை உரிப்பதுபோல் உரித்துவிடும். நீங்கள் எழுதியிருக்கும் திட்டுகள் அப்படி வந்தவையே. தூரிகை லேசாக ஒட்டிக்கொள்வதைக் கை உணர்ந்த அந்த நொடியிலேயே விலகிவிட வேண்டும். இதைச் சொல்வது எளிது. செய்ய மனம் வராது என்பதை நானும் அறிவேன். ஒரு சிறு குறையைச் சரிசெய்யப் போய் ஒரு முழு வானத்தையே கெடுத்த அனுபவம் எனக்கும் உண்டு.

இனி உங்கள் வானத்துக்கு வருவோம். தீட்டத் தொடங்கும் முன்பே தேவையான கலவைகள் எல்லாவற்றையும், தேவைக்குக் கூடுதலாகவே, பேலட்டில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்று கலப்பதற்குச் செலவாகும் இரண்டு நிமிடங்களில்தான் கோடு விழுகிறது. நீலமும் ஆரஞ்சும் எதிர் நிறங்கள் என்பதால் நேரடியாகச் சந்திக்கவிட்டால் நடுவில் சாம்பல் பிறக்கும். அங்கே வெள்ளை மிகுந்த வெளிர் மஞ்சளையோ வெளிர் இளஞ்சிவப்பையோ இடைநிறமாக வையுங்கள். கான்வாஸைத் தெளிப்பான் கொண்டு மிக லேசாக ஈரமாக்கி, அகலமான தட்டைத் தூரிகையால் மூன்று நிறங்களையும் விரைவாக அடுத்தடுத்துப் பூசிவிட்டு, அவை இன்னும் ஈரமாக இருக்கும்போதே, வண்ணம் தொடாத சுத்தமான இன்னொரு தூரிகையால் எல்லைகளின் மேல் இடவலமாக வருடிக்கொண்டு போங்கள். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் என்ற திரவம் சிறிது கலந்தால் மேலும் சில நிமிடங்கள் கிடைக்கும். ஆனால் குப்பியில் சொன்ன அளவைத் தாண்டினால் படலம் பல நாள்கள் பிசுபிசுப்பாகவே இருந்துவிடும்.

இவ்வளவு செய்தும் முதல் பூச்சு சீராக அமையாமல் போகலாம். அமையாவிட்டால் கலங்க வேண்டாம். முழுவதும் உலரவிட்டு, அதே வரிசையில் இரண்டாம் பூச்சைக் கொடுங்கள். கீழ்ப்பூச்சு அசையாது என்பதால், முதல் பூச்சில் விழுந்த கோடுகள் இரண்டாவதில் மங்கி, மூன்றாவதில் மறைந்துபோகும். எண்ணெய் வண்ணக்காரர் ஒரே ஈரத்தில் மணிக்கணக்காகக் குழைத்துப் பெறுவதை, நாம் ஒன்றின் மேல் ஒன்றாக மெல்லிய பூச்சுகளை அடுக்கிப் பெறுகிறோம்.

கேள்வி: ஈரமாக இருக்கும்போது சரியாகத் தெரியும் நிறம், காய்ந்ததும் கறுத்துவிடுகிறது. மறுநாள் அதே நிறத்தைக் கலக்கவும் முடியவில்லை. வண்ணம் தரமற்றதா?

பதில்: தரத்தைக் குறை சொல்ல வேண்டாம். மேலே சொன்ன பிளாஸ்டிக் துகள்கள் நீரில் மிதக்கும்போது பால்போல் வெண்மையாகத் தெரியும். படலமானதும் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். ஈர வண்ணத்தில் கலந்திருந்த அந்தப் போலி வெண்மை விலகுவதால்தான் உலர்ந்த நிறம் ஒரு படி ஆழமாகிறது. அடர்ந்த நிறங்களில் இந்த மாற்றம் நன்றாகத் தெரியும். வெள்ளை மிகுந்த கலவைகளில் அவ்வளவாகத் தெரியாது. முக்கியமான கலவையை ஒரு துண்டுத் தாளில் தடவி உலரவிட்டுப் பார்த்த பிறகு படத்தில் தொடுவதும், வேண்டிய நிறத்தைவிட ஓர் இழை வெளிறலாகவே கலப்பதும் போதும். மறுநாளும் தேவைப்படும் நிறத்தைக் காற்றுப்புகாத சிறு டப்பியில் இரண்டு துளி நீருடன் மூடி வையுங்கள். கண்ணளவில் திரும்பக் கலந்த நிறம் முன்னதோடு அப்படியே பொருந்துவது, பழகியவர்களுக்கும் அபூர்வம்.

கேள்வி: தொடங்குபவர் 24 நிறங்கள் உள்ள பெட்டி வாங்குவது நல்லதா, சில டியூப்கள் மட்டும் வாங்குவது நல்லதா? நான் எதைக் கலந்தாலும் இறுதியில் சேற்று நிறமே வருகிறது.

பதில்: இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். 24 நிறப் பெட்டியில் உள்ள பல டியூப்கள், உற்பத்தியாளரே இரண்டு மூன்று நிறமிகளைக் கலந்து அடைத்தவை. அத்தகைய இரண்டை நீங்கள் கலக்கும்போது உண்மையில் ஐந்தாறு நிறமிகளைக் கலக்கிறீர்கள். அவற்றில் சில ஒன்றின் பளிச்சிடலை மற்றொன்று தின்றுவிடும். டியூபின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் நிறமியின் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். பி.பி.29 என்றால் அல்ட்ராமரைன் நீலம், பி.டபிள்யூ.6 என்றால் டைட்டானியம் வெள்ளை. ஒரே ஒரு குறியீடு மட்டும் உள்ள டியூபையே தேர்ந்தெடுங்கள். முன்புறத்தில் உள்ள கவர்ச்சியான பெயரை நம்ப வேண்டாம். நிறத்தின் பெயரோடு 'ஹ்யூ' என்று சேர்த்திருந்தால், அது அந்த நிறமி அல்ல, அதன் சாயலில் வேறு நிறமிகளைக் கொண்டு செய்தது என்று பொருள். அது மோசடியல்ல; பல நேரங்களில் நல்ல மாற்றும்கூட. ஆனால் கலக்கும்போது அது அசலைப்போல் நடந்துகொள்ளாது.

எனக்குப் போதுமானதாகத் தோன்றும் டியூப்கள் ஏழு: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், தாலோ நீலம், ஹன்சா மஞ்சள், குவினாக்ரிடோன் மெஜந்தா, ஆரஞ்சுச் சாயலுள்ள ஒரு சிவப்பு, பர்ன்ட் அம்பர் என்னும் மண்பழுப்பு. கறுப்பு வேண்டியதில்லை. அல்ட்ராமரைனும் மண்பழுப்பும் சேர்ந்தால் வரும் கருமை, டியூபில் வரும் கறுப்பைவிட உயிரோட்டமானது; நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த நிழல், பழுப்பைக் கூட்டினால் வெதுவெதுப்பான நிழல் என்று அதை வளைத்துக்கொள்ளவும் முடியும்.

சேறு ஏன் வருகிறது என்பதற்கும் இதே டியூப்களில் விடை உண்டு. அல்ட்ராமரைன் சற்றே சிவப்பின் பக்கம் சாய்ந்த நீலம். தாலோ பச்சையின் பக்கம் சாய்ந்தது. அல்ட்ராமரைனை மஞ்சளோடு கலந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் சிவப்புச் சாய்வும் சேர்ந்து வந்து, பச்சையை மங்கிய இலைப்பச்சையாக்கிவிடும். தாலோ நீலத்தில் ஒரு கடுகளவு எடுத்து மஞ்சளோடு சேர்த்தாலோ கூர்மையான பச்சை கிடைக்கும். கடுகளவு என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தாலோவின் வீரியம் அப்படிப்பட்டது. மஞ்சளுக்குள் நீலத்தைச் சேர்க்க வேண்டுமே தவிர, நீலத்துக்குள் மஞ்சளைக் கொட்டக் கூடாது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒரு கலவைக்குள் நுழைந்தால் மங்கலே மிஞ்சும். மங்கிய நிறம் தேவைப்படும் இடங்களும் படத்தில் ஏராளமாக உண்டு என்பதால் அதை எதிரியாக நினைக்காதீர்கள். கேட்டபோது வந்தால் அது சேறு அல்ல. ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, இந்த ஏழில் ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு கலந்து, கட்டம் போட்ட தாளில் தடவிப் பெயரெழுதி வைத்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான். அந்தத் தாள் பின்னர் பல ஆண்டுகள் உங்கள் மேசையில் இருக்கும்.

கேள்வி: கடும் நீலத்தின் மேல் மஞ்சள் பூ வரைந்தால் மஞ்சள் பச்சையாகத் தெரிகிறது. நான்கு பூச்சு கொடுத்தும் மறையவில்லை.

பதில்: உங்கள் மஞ்சள் ஒளி ஊடுருவும் வகையைச் சேர்ந்தது. டியூபின் மேல் ஒரு சிறு சதுரம் இருக்கிறதா என்று பாருங்கள்: உள்ளே வெறுமையாக இருந்தால் ஊடுருவும் நிறம், முழுதும் நிரப்பியிருந்தால் மறைக்கும் நிறம், பாதி நிரப்பியிருந்தால் இரண்டுக்கும் நடுவே. ஊடுருவும் மஞ்சளை எத்தனை முறை பூசினாலும் அடியில் உள்ள நீலம் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். பூவின் வடிவத்தை முதலில் டைட்டானியம் வெள்ளையால் தீட்டி, அது நன்றாக உலர்ந்த பின் மஞ்சளைப் பூசுங்கள். ஒரே பூச்சில், அதுவும் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடப் பிரகாசமாக, மஞ்சள் ஒளிரும்.

கேள்வி: எவ்வளவு தண்ணீர் சேர்க்கலாம்? ஒருவர் தாராளமாகச் சேர்க்கச் சொல்கிறார், இன்னொருவர் சேர்க்கவே கூடாது என்கிறார்.

பதில்: இருவரும் வெவ்வேறு பரப்புகளை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். நீரை உறிஞ்சும் நீர்வண்ணத் தாளில் நன்றாக நீர்த்த அக்ரிலிக்கும் இழைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அடிப்பூச்சு கொடுத்த கான்வாஸிலோ, ஏற்கெனவே காய்ந்த அக்ரிலிக் படலத்தின் மேலோ அப்படி இறங்க இடமில்லை. அங்கே தண்ணீர் மிகுந்தால் வண்ணம் முத்து முத்தாகத் திரண்டு விலகும், பிணைப்பும் தளரும். தூரிகை வழுக்கிச் செல்வதற்குத் தேவையான ஈரம் போதும். அதற்கும் மேலாகக் கண்ணாடிபோல் மெல்லிய நிறப்பூச்சு வேண்டுமென்றால், தண்ணீருக்குப் பதிலாக கிளேஸிங் மீடியம் சேருங்கள். மீடியம் என்பது நிறமி இல்லாத அதே அக்ரிலிக் கலவைதான் என்பதால், எவ்வளவு சேர்த்தாலும் படலம் வலுவாகவே இருக்கும்.

கேள்வி: வாங்கிய ஒரு மாதத்துக்குள் தூரிகைகள் எல்லாம் விறைத்துத் துடைப்பம்போல் ஆகிவிட்டன.

பதில்: வண்ணம் காய்ந்தது மயிரின் நுனியில் அல்ல, உலோகக் குழாய்க்குள் அது நுழையும் அடியில். அங்கே உருவாகும் படலம் மயிரை விரித்துத் தள்ளுகிறது. தூரிகையின் பாதிக்கு மேல் வண்ணம் ஏறாமல் தொடுங்கள். பயன்படுத்தாத நேரத்தில் தட்டில் நீர் ஊற்றிப் படுக்கவையுங்கள். குவளையில் தலைகீழாக நிற்கவைத்தால் நுனி வளைந்துவிடும். முடித்ததும் துணியில் வண்ணத்தைத் துடைத்துவிட்டு, சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு உள்ளங்கையில் சுழற்றிக் கழுவுங்கள். செயற்கை இழைத் தூரிகைகளே அக்ரிலிக்குக்கு ஏற்றவை. பன்றிமயிர்த் தூரிகை நெடுநேரம் நீரில் ஊறினால் தளர்ந்துவிடும். விறைத்துப்போனவற்றைத் தூக்கி எறியாதீர்கள். இலைக்கொத்துகளையும் கரடுமுரடான பாறைகளையும் ஒற்றி எடுக்க அவற்றைவிட நல்ல கருவி கிடையாது.

கேள்வி: கான்வாஸ் இல்லாமல் அட்டையில் வரையலாமா? ஜெஸ்ஸோ கட்டாயமா?

பதில்: பயிற்சிக்குக் கான்வாஸை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாளை நான்கு பக்கமும் நாடாவால் பலகையில் ஒட்டிக்கொண்டால் அதிகம் நெளியாது. அட்டை, மரப்பலகை இரண்டும் ஏற்றவைதான். அட்டையின் இருபுறமும் பூச்சு கொடுத்தால் ஒருபக்கமாக வளைவது குறையும். ஜெஸ்ஸோ என்று இன்று விற்கப்படுவது அக்ரிலிக் பிணைப்பில் வெண்ணிறமியையும் சுண்ணத்தூளையும் சேர்த்த அடிப்பூச்சு. அது பரப்பின் உறிஞ்சும் தன்மையை அடக்கி, வண்ணம் கடித்துப் பிடிக்கச் சொரசொரப்பைத் தருகிறது. கடையில் வாங்கும் கான்வாஸ் பெரும்பாலும் ஜெஸ்ஸோ பூசியே வருகிறது, உறையில் எழுதியிருக்கும். எண்ணெய்ப்பிசுக்கு உள்ள பரப்பும், எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பழைய படமும் மட்டும் வேண்டாம். அவற்றின் மேல் அக்ரிலிக் நிற்காது, நாளடைவில் உரியும். அக்ரிலிக் அடிப்பூச்சின் மேல் எண்ணெய் வண்ணம் தீட்டலாம் என்பது தனிச் செய்தி.

கேள்வி: வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. அக்ரிலிக் நச்சுத்தன்மை உள்ளதா? தூரிகை கழுவிய நீரை எங்கே ஊற்றுவது?

பதில்: பிணைப்புப் பொருளைவிட நிறமியைத்தான் கவனிக்க வேண்டும். கேட்மியம், கோபால்ட் போன்ற உலோகச் சேர்மங்களைக் கொண்ட நிறங்கள் வயிற்றுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ போகக் கூடாது. ஆகவே அவற்றைத் தெளிக்கவோ, உலர்ந்த பின் உப்புத்தாளால் தேய்த்துத் தூளாக்கவோ வேண்டாம். நான் மேலே சொன்ன ஏழில் கேட்மியம் இல்லாமலே சமாளிக்கலாம். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். உலரும்போது வெளிவரும் சிறு அளவு அம்மோனியா சிலருக்குத் தலைவலி தரும் என்பதால் சன்னல் திறந்திருக்கட்டும். வண்ணம் தோய்ந்த நீர்க்குவளையைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். தேநீர்க் கோப்பையின் பக்கத்தில் வைப்பது உங்களுக்குமே நல்லதல்ல.

கழுவிய நீரில் இருப்பது நிறமியும் பிளாஸ்டிக்கும். முதலில் தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்தால் நீருக்குப் போவதே மிகக் குறையும். அந்த நீரை ஒரு பழைய வாளியில் சேர்த்துவைத்து ஆவியாகவிடுங்கள்; அடியில் உலர்ந்து தங்கும் படலத்தைக் குப்பையோடு சேர்க்கலாம். பேலட்டில் மிஞ்சிய வண்ணத்தையும் காயவிட்டு உரித்தெடுப்பதே சரி. சாக்கடைக் குழாயில் ஊற்றினால் அது நீரோடையைக் கெடுக்கும். அதற்கு முன்னரே உங்கள் வீட்டுக் குழாயை அடைத்துவிடவும் கூடும்.

கேள்வி: எண்ணெய் ஓவியமே உயர்ந்தது, அக்ரிலிக் பழகுநர்களுக்கானது என்கிறார்களே?

பதில்: எண்ணெய் வண்ணத்துக்குப் பல நூற்றாண்டு வரலாறு இருக்கிறது, ஓவியர்களுக்கான அக்ரிலிக் வந்ததோ 1940களின் இறுதியில். அப்போது வந்தது கரைப்பானில் கரைந்த வகை; நீரில் கலக்கும் வகை 1950களின் நடுவில்தான் விற்பனைக்கு வந்தது. வயது குறைவு என்பதைத் தகுதிக் குறைவாக எண்ணிவிடுகிறோம். ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1967இல் வரைந்த புகழ்பெற்ற நீச்சல் குளப் படம் அக்ரிலிக்கில் தீட்டியதே. அதில் வானமும் சுவரும் உருளையால் பூசிய சீரான தட்டை நிறங்கள். நீர் தெறிக்கும் அந்த ஒரு நொடியை மட்டும் சிறு தூரிகைகளால் தீட்ட அவருக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின. அந்தக் கூர்மையான தட்டைத்தன்மை அக்ரிலிக்குக்கு இயல்பாக வருவது. ஆழ்ந்த குழைவும் நெடுநேர ஈரமும் வேண்டுபவர் எண்ணெயை நாடட்டும்.

கேள்வி: எல்லா நிறமும் சரியாகவே கலக்கிறேன், ஆனாலும் படம் தட்டையாக இருக்கிறது.

பதில்: படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பழம், மேசை, சுவர் எல்லாம் ஒரே நடுச்சாம்பலாகத் தெரிந்தால் குறை நிறத்தில் இல்லை, ஒளி நிழல் அளவில் இருக்கிறது. தொடங்குபவர்கள் பெரும்பாலும் நிழலை ஆழமாக்க அஞ்சுவார்கள். அடுத்த படத்தை மண்பழுப்பும் வெள்ளையும் மட்டும் கொண்டு முழுமையாகத் தீட்டி, உலர்ந்த பின் அதன் மேல் ஊடுருவும் நிறங்களை மெல்லியதாகப் பூசுங்கள். கீழ்ப்பூச்சு கரையாது என்பதால் அக்ரிலிக்கில் இது மிக எளிது.

கேள்வி: முடித்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தேன். வெயில் காலத்தில் ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது வண்ணம் பெயர்ந்துவிட்டது. வார்னிஷ் பூசினால் தடுக்கலாமா?

பதில்: அக்ரிலிக் படலம் வெப்பத்தில் இளகும், கடுங்குளிரில் நொறுங்கும் தன்மைக்குப் போகும். வண்ணப்பக்கங்கள் ஒன்றையொன்று தொடாதபடி படங்களை நிமிர்த்தி, இடைவெளி விட்டு வையுங்கள். அடுக்கியே ஆக வேண்டுமென்றால் இடையே சிலிக்கோன் பூசிய தாளை வையுங்கள். வார்னிஷ் தூசியையும் கீறலையும் தடுக்குமே தவிர, அழுத்தத்தில் ஒட்டுவதை முழுமையாகத் தடுக்காது.

ஆனாலும் பூசுங்கள். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும் என்பதால், மெல்லிய பூச்சுப் படத்துக்கு ஓரிரு வாரங்களும், கனமாகத் தீட்டியதற்கு அதைவிடப் பல மடங்கும் பொறுத்திருங்கள். முதலில் பளபளப்பு மீடியத்தைச் சிறிது நீர்த்து ஒரு காப்புப் பூச்சாகக் கொடுத்து, அது உலர்ந்த பின் நீக்கக்கூடிய வகை வார்னிஷைப் பூசினால், பிற்காலத்தில் அழுக்கேறிய வார்னிஷை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச முடியும். படத்தைக் கிடத்திவைத்து, அகலத் தூரிகையால் மெல்லியதாக ஒரு திசையில் பூசுங்கள். குப்பியைக் குலுக்காமல் கலக்கிக்கொள்ளுங்கள், குலுக்கினால் நுரை குமிழிகளாகப் படத்தில் தங்கிவிடும். பெயர்ந்துபோன இடங்களைப் பொறுத்தவரை, ஓரங்களை மெதுவாகச் சீவிச் சமப்படுத்தி, அந்த இடத்தில் மட்டும் ஜெஸ்ஸோ தொட்டு உலரவிட்டு, மேலே திரும்பத் தீட்டிவிடலாம். வார்னிஷ் பூசுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.